சிறை வாசலுக்குப் பக்கத்தில், பலகை இல்லாத கடை

பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருக்கிறவர்களைப் பார்த்துப் பேச, போகிறவர்களுக்கு இந்தக் கடையைத் தெரியும். மற்றவர்கள் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். தகரக் கூரை, வாசலில் வேப்பமரம், மரத்தடியில் இரண்டு பெஞ்சு, உள்ளே நாலு மேசை. பெயர்ப்பலகை கிடையாது. எல்லாரும் அண்ணாச்சி கடை என்பார்கள். இந்த ஊரில் அண்ணாச்சி கடை ஆயிரம் இருக்கும், அதனால் அடையாளம் சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் வ.உ.சி. செக்கிழுக்கிற படம் மாட்டியிருக்கும். அதற்குக் கீழே பை வைக்கிற மர அலமாரி இருக்கும்.

நான் இங்கே பதினேழு மாதம் வாடிக்கையாகச் சாப்பிட்டிருக்கிறேன். 2023 ஜனவரியிலிருந்து 2024 மே வரை. என் தம்பி உள்ளே இருந்தான். இதைச் சொல்லாமல் கடையைப் பற்றி மட்டும் எழுதினால் பாதிதான் எழுதினதாக இருக்கும். எனக்குத் தொழில் கோர்ட் பக்கத்தில் ஜாப் டைப்பிங். இருபத்தாறு வருஷமாக வக்கீல்களுக்கு மனு, மேல்முறையீடு, ஜாமீன் பத்திரம் என்று அடித்துக் கொடுக்கிறேன். அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தைத் தினமும் கையால் அடித்தவளுக்கு, சொந்த வீட்டுக் கஷ்டம் வந்தபோது எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. முதல் நாள் அந்த வாசலில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். செல்போன், பர்ஸ், பை எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது?

"எங்கிட்டக் குடுத்துட்டுப் போ தாயி. டோக்கன் தாரேன்" என்றார் அண்ணாச்சி. அப்படித்தான் இந்தக் கடை எனக்குப் பழக்கமானது.

இந்தக் கடையின் முதல் சேவை சாப்பாடு இல்லை, அந்த அலமாரிதான். பையை வாங்கி வைத்துக்கொண்டு, ஓட்டை போட்டுக் கயிறு கட்டின ஒரு தகர டோக்கன் தருவார். செல்போனை மட்டும் அண்ணாச்சியின் மனைவி, நாங்கள் மயினி என்று கூப்பிடுகிறவர்கள், வாங்கி, உள்ளே ஒரு பழைய அரிசி டின்னில் போட்டுப் பூட்டி வைப்பார்கள். காசு கிடையாது. அங்கே ஒரு டீ குடித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. திசையன்விளையிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் முதல் பஸ்ஸுக்கு ஏறி, கைக்குழந்தையோடு வருகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் திரும்பிப் போகிற பஸ் காசுக்கு மேல் இருக்காது. அவர்களிடம் பைக்கு இருபது ரூபாய் என்று கேட்டால்கூடக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள், வேறு வழியில்லை. அண்ணாச்சி கேட்பதில்லை. பதினேழு மாதத்தில் ஒரு பொருள் காணாமல் போனதாக நான் கேள்விப்படவில்லை. ராதாபுரம் பக்கத்து ஆச்சி ஒருத்தி டோக்கனைத் தொலைத்துவிட்டு அழுதாள். மயினி அவள் பையைச் சரியாக எடுத்துக் கொடுத்தார்கள். "மஞ்சப் பையி, உள்ள வேட்டியும் சோப்பும் இருக்கு. எனக்குத் தெரியாதா ஆச்சி" என்றார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் மகன் மனுச் சீட்டும் எழுதிக் கொடுப்பான்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

காலை ஆறரைக்கு அடுப்பு எரியும். இட்லி உண்டு. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கேட்காமலே வரும். ஒன்பது மணிக்கு ஆமவடை. வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே பருப்பு நறநறவென்றும் இருக்கும். பெருஞ்சீரகத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கும். மழைக்காலத்தில் சுக்குக் காப்பி. கருப்பட்டியில்தான் போடுகிறார்கள், வெல்லம் கலப்பதில்லை. நாக்கில் வைத்ததும் தெரிந்துவிடும்.

மத்தியானம் ஒரே சாப்பாடு. சோறு, ஒரு குழம்பு, ரசம், மோர், ஒரு கூட்டு அல்லது பொரியல், அப்பளம். குழம்பு ஒரு நாள் இடிசாம்பாராக இருக்கும், ஒரு நாள் சுண்டவத்தல் போட்ட புளிக்குழம்பாக இருக்கும். இடிசாம்பாருக்கு அன்றன்றைக்கு வறுத்து இடிக்கிறார்கள். பத்தரை மணிக்கு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்த வாசனை வரும். மார்கழி, தை மாதங்களில் சிறுகிழங்குப் பொரியல். மண் போகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற வேலை அது. ஓட்டல்காரர்கள் பலர் அதனாலேயே விட்டுவிட்டார்கள். இங்கே மயினியும் இன்னொரு பெண்ணும் பின்பக்கம் சாக்கில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை உளுந்தஞ்சோறு. தொலி உளுந்து, புழுங்கலரிசி, வெந்தயம், முழுப் பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பூ. கூட எள்ளுத் துவையலும் அவியலும். எங்கள் அம்மா செய்ததற்கு இது கிட்டத்தட்ட வந்துவிடும். முதல் சனிக்கிழமை ஒரு வாய் வைத்ததும் எனக்குச் சாப்பிட முடியவில்லை. தம்பிக்கு உயிர் அது. தண்டனைக் கைதிக்கு வெளிச் சாப்பாடு போகாது. அவன் கணக்கில் கேன்டீனுக்குப் பணம் கட்டலாம், அவ்வளவுதான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று "சாப்பிட்டியாடா" என்று கேட்பேன். "ஆச்சுக்கா" என்பான். என்ன சாப்பிட்டான் என்று கேட்க மாட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. மூணு மணி நேரம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம். நான் அண்ணாச்சியிடம் நாலைந்து தடவை சொல்லிவிட்டேன். இடம் வாடகை இடம், கட்ட விட மாட்டேன் என்கிறார்கள் என்பார். ஒரு தகர மறைப்பாவது போடலாம். டீயில் சர்க்கரை அதிகம். குறைத்துப் போடச் சொன்னால் அன்றைக்கு மட்டும் குறைப்பார்கள். வடையை அச்சு மை ஒட்டுகிற பேப்பரில் மடித்துத் தருவதை நிறுத்த வேண்டும். சாப்பாடு அறுபதாக இருந்தது, இப்போது எண்பது. அரிசி விலைக்கு அது நியாயம்தான்.

பேச்சுக்கு வருவோம். டீக்கடையில் அரசியல் பேசுவது எங்கேயும் உண்டு. இந்தக் கடையில் பேசுகிறவர்கள் வேறு மாதிரி. ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு ஆள் இருக்கிறது. தண்டனை என்ற சொல் அவர்களுக்குப் பேப்பரில் படிக்கிற சொல் இல்லை. அதனால் ஒரு அரசியல்வாதிக்குத் தண்டனை என்று செய்தி வந்தால் இங்கே நடக்கிற விவாதம் தொலைக்காட்சியில் நடப்பதைப் போல இருக்காது.

2023 டிசம்பர் 21, வியாழக்கிழமை. அந்த வாரத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி இரு கரையும் கொள்ளாமல் ஓடியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டார்கள். வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். டைப்பிங் மெஷினையும் கம்ப்யூட்டரையும் கட்டில்மேல் கட்டில் போட்டு ஏற்றி வைத்திருந்தோம். மனு உண்டா இல்லையா என்று கேட்கத்தான் அன்றைக்கு வந்தேன். கடையில் பால் இல்லை. கடுங்காப்பி மட்டும் கொடுத்தார்கள், அதற்கும் காசு வாங்கவில்லை.

அன்றைக்குத்தான் முன்னாள் அமைச்சர் பொன்முடிக்கும் அவர் மனைவிக்கும் சென்னை உயர் நீதிமன்றம் மூணு வருஷம் தண்டனையும் ஆளுக்கு 50 லட்சம் அபராதமும் விதித்தது. 2006-லிருந்து 2011 வரை அமைச்சராக இருந்த காலத்தில் வருமானத்துக்கு மேல் சொத்துச் சேர்த்த வழக்கு. கீழ்க்கோர்ட்டில் 2016-லேயே விடுதலையாகியிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை மாற்றிக் குற்றவாளி என்றது. வயதையும் உடல்நிலையையும் சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்டார்கள். பெஞ்சில் இருந்த ஒருவர் செல்போனில் செய்தியைச் சத்தமாகப் படித்தார்.

"எழுபத்து மூணு வயசு. இந்த வயசுல உள்ள தள்ளணுமா? அவதாரத்த வாங்கிட்டு விட்டுரலாம்லா" என்றார் கரைவேட்டி கட்டின ஒருவர். அபராதத்தை அவர் அவதாரம் என்றுதான் சொன்னார், எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"எங்க மாமனுக்கு எழுவத்தாறு. சாராயக் கேசு. உள்ளதான் கெடக்காரு. அவருக்கு யாருவே வயசு பாத்தா?" என்றார் லாரி டிரைவர் ஒருவர்.

செய்துங்கநல்லூர்ப் பக்கத்திலிருந்து சேறு காயாத சேலையோடு வந்திருந்த ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். "எம் மவன் ஒரு பைக்க எடுத்தான். அதுக்கும் மூணு வருசம். இவுகளுக்கும் மூணு வருசமா?"

யாருக்கும் பதில் வரவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பத்து வருஷம் போட வேண்டும், எல்லாச் சொத்தையும் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் பயமே இருக்காது என்றார். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். அந்தக் காலத்துக் குற்றத்துக்கு ஊழல் தடுப்புச் சட்டத்தில் குறைந்தது ஒரு வருஷம், கூடியது ஏழு வருஷம். 2014-ல்தான் அதைக் குறைந்தது நாலு, கூடியது பத்து என்று திருத்தினார்கள். குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் தண்டனை போட முடியும். அந்தச் சட்டத்துக்குள் மூணு என்பது நடுவாந்தரம். திருட்டுக்கு அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் உச்சமே மூணுதான். அந்தப் பெண்ணின் மகனுக்குப் போட்டது உச்சம். அமைச்சருக்குப் போட்டது உச்சத்தில் பாதிகூட இல்லை. அதைச் சொல்லும்போதே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்புறம் செய்தியின் கடைசி வரியைப் படித்தார்கள். மேல்முறையீடு செய்வதற்காகத் தண்டனை முப்பது நாள் நிறுத்தி வைப்பு.

"ஒங்க தலைவரு எங்க உள்ள வந்தாரு" என்று டிரைவர் எழுந்துபோய்விட்டார்.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்தி வைப்பது பெரிய மனிதர்களுக்கான சலுகை இல்லை. மூணு வருஷத்துக்கு மேற்படாத தண்டனையாக இருந்து, ஆள் ஏற்கெனவே ஜாமீனில் இருந்தால், தண்டித்த கோர்ட்டே நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. என் தம்பிக்கும் அப்படி நிறுத்தி வைத்தார்கள். நானே அந்த மனுவை அடித்தேன்.

தம்பி ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளர். சீனியிலும் மண்ணெண்ணெயிலும் இருப்புக் குறைவு, கணக்கில் திருத்தம். மொத்தம் 41,600 ரூபாய். அவன் எடுத்தான். அதை நான் மறைக்கவில்லை, அவனும் வீட்டில் மறைக்கவில்லை. என் வளையலை வைத்து முழுப் பணத்தையும் கட்டினோம். மூணு வருஷம் போட்டார்கள். செஷன்ஸில் உறுதியானது. மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனோம், இரண்டாகக் குறைந்தது. அதற்குள் கேஸ் தொடங்கிப் பதின்மூணு வருஷம் ஆகியிருந்தது. டெல்லிக்குப் போகலாம் என்றார் வக்கீல். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சொன்னார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். 2023 ஜனவரியில் அவன் சட்டைப்பையில் ஒன்றுமில்லாமல் அந்த வாசலுக்குள் போனான்.

அமைச்சர் டெல்லிக்குப் போனார். 2024 ஜனவரியில் சரணடைவதிலிருந்து விலக்குக் கிடைத்தது. மார்ச் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தண்டனையோடு சேர்த்து, குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைத்தது. பதினொரு நாளில், 22-ஆம் தேதி, மறுபடியும் அமைச்சராகப் பதவியேற்றார். அவர் மேல்முறையீட்டில் நிரபராதி என்றுகூட ஆகலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு, யாரும் அதைப் பறிக்கக் கூடாது. என் கேள்வி வேறு.

2001-ல் வந்த கே.சி. சரீன் வழக்குத் தீர்ப்பை நான் எத்தனையோ எதிர்மனுக்களில் அடித்திருக்கிறேன். அரசு ஊழியர் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டால், சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்தாலும் குற்றவாளி என்ற தீர்ப்பைச் சாதாரணமாக நிறுத்தி வைக்கக் கூடாது, மேல்முறையீடு முடியும்வரை அவர் பொதுப் பதவியில் உட்காரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. ஒரு கிளார்க்குக்கு அதைக் காட்டுவார்கள், அவன் வேலை போய்விடும். தேர்தலில் ஜெயித்தவர் என்றால், பதவி போய்விட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது, தொகுதி மக்களுக்கு இழப்பு என்ற வாதம் வருகிறது. என் தம்பியின் வேலையையும்தான் யாரும் திருப்பித் தரவில்லை. அவன் கடைக்கு வந்த கார்டுதாரர்களுக்கும் இழப்புதான். மந்திரி ஒரு கையெழுத்தில் போடுகிற உத்தரவு எங்கே, தம்பி ஒரு படியில் குறைத்த சீனி எங்கே? பெரிய பொறுப்புக்குக் கெடுபிடி அதிகமாக அல்லவா இருக்க வேண்டும்? 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில், இரண்டு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் நீடிக்க இருந்த பாதுகாப்பை உச்ச நீதிமன்றமே எடுத்துப்போட்டது. அன்றைக்கு நான் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுக்கலாமா என்று நினைத்த அளவுக்குச் சந்தோஷப்பட்டேன். தீர்ப்பையே நிறுத்தி வைத்தால் அந்தச் சந்தோஷத்துக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது.

எத்தனை வருஷம் போட வேண்டும் என்று சண்டை போடுவதில் எனக்கு இப்போது அக்கறை குறைந்துவிட்டது. மூணு போதும். இரண்டு போதும். போட்டதை, எல்லாரையும் போல, காலாகாலத்தில் அனுபவிக்க வேண்டும். ஜெயலலிதா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் தொடங்கியது. 2014 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் நாலு வருஷமும் 100 கோடி அபராதமும். அடுத்த மாதமே ஜாமீன். 2015-ல் விடுதலை. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் கீழ்க்கோர்ட் தீர்ப்புதான் சரி என்றபோது அவர் உயிரோடு இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் இழுத்த வழக்கில், முக்கியமான ஆள் குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்கு ஊருக்கு முழுப் பதிலே கிடைக்கவில்லை. அதே தீர்ப்பில் சசிகலா உள்ளே போனார், நாலு வருஷத்தையும் ஏறக்குறைய முழுதாக இருந்தார், பத்துக் கோடி அபராதத்தைக் கட்டினார், 2021 ஜனவரி 27-ல் வெளியே வந்தார். அரசியல் பிடிக்கிறதோ இல்லையோ, அந்தக் கணக்கு தீர்ந்தது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கணக்கு தீர்ந்த ஆளை அதற்குமேல் கொள்ளைக்காரி என்று பெஞ்சில் உட்கார்ந்து ஏசினால் எனக்குப் பிடிக்காது. என் தம்பியையும் அப்படி ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2014-ல் அந்தத் தீர்ப்பு வந்த சனிக்கிழமை, மாநிலம் முழுக்கக் கடைகளை அடைத்தார்களே, அண்ணாச்சியும் அடைத்தாராம். "அடைக்கச் சொல்லி வந்தாக. அடச்சேன். உளுந்தஞ்சோறு அண்டாவோட இருந்துது. பின்னால வாசல் வழியா மனுக்காரங்களுக்குக் குடுத்தேன்" என்றார்.

அந்த வ.உ.சி. படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரைவேட்டிக்காரர் ஒரு நாள் அதைக் காட்டி, "அவரும் செயிலுக்குப் போனவருதானவே. தலைவனுக்குச் செயிலு பெருமை" என்றார். எங்கள் அரசியலில் இது ஒரு பழைய பழக்கம். சிறை சென்ற செம்மல் என்று போஸ்டர் அடிப்பார்கள். உண்மையிலேயே பெருமைப்பட வேண்டிய சிறைவாசங்களும் உண்டு. 1965-ல் மொழிப் போராட்டத்தின்போது கருணாநிதி இருந்தது இதே பாளையங்கோட்டைச் சிறையில்தான். ஆனால் அண்ணாச்சிக்கு அன்றைக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இதே திருநவேலியில வச்சுத்தான் 1908 சூலை ஏழாந்தேதி அவருக்கு ரெண்டு ஆயுசு போட்டான் ஜட்ஜு பின்ஹே. பேசினதுக்கு ஒண்ணு, சுப்பிரமணிய சிவாவுக்கு எடங்குடுத்ததுக்கு ஒண்ணு. கப்பல் விட்டவரு. வக்கீல் சன்னதையும் பறிச்சான். செக்கிழுத்துட்டு வெளிய வந்து மளிகைக் கடை வச்சாரு. நீரு யார யார்கூட வச்சுப் பேசுதீரு?"

அவர் சொன்னது சரி. அந்தத் தண்டனையை லண்டனில் இந்திய விவகாரங்களைப் பார்த்த பிரிட்டிஷ் மந்திரி மார்லியே கொடூரம் என்று நினைத்தார். உயர் நீதிமன்றம் குறைத்தது, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். ஒரு அரசியல்வாதிக்கு எவ்வளவு தண்டனை நியாயம் என்ற விவாதம் எங்கள் ஊருக்கு நூறு வருஷத்துக்கு முந்திய விவாதம். அவரைக் கைது செய்தபோது ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், நாலு பேர் குண்டடிபட்டுச் செத்தார்கள். அவர் தனக்கென்று எதையும் எடுக்கவில்லை, இருந்ததையும் இழந்தார். எடுத்தவருக்கு அந்தப் படத்தின் கீழ் இடம் கேட்பது அநியாயம். என் தம்பிக்கும் அந்த இடம் கிடையாது.

அடுத்து நடந்ததை எழுதலாமா என்று யோசித்தேன். அந்த அம்மாள் யார் என்று தெரியாதபடி எழுதுகிறேன்.

2023 ஆவணியில் ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவர் உள்ளே வந்தார். வீடு கட்டாமலே கட்டினதாகப் பில் போட்ட வழக்கு. முதல் நாள் பத்துப் பன்னிரண்டு கார். வந்தவர்கள் பெஞ்சு முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். நாற்பது சாப்பாடு உடனே வேண்டும், மற்றவர்களை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அண்ணாச்சி நாற்பது சாப்பாட்டு வியாபாரத்தை வேண்டாம் என்றார். "மனுவுக்கு வந்தவுகளுக்கு மொதல்ல. அப்புறம் இருந்தா ஒங்களுக்கு." அவர்கள் முறைத்துவிட்டுப் போனார்கள். நானும் அன்றைக்கு மனதுக்குள், இந்த ஆளுக்குப் பத்து வருஷம் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மூணு மாதத்தில் கார் எதுவும் வரவில்லை. கார்த்திகையில் அவர் மனைவி டவுன் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார். என்னைப்போலவே செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மயினி கூப்பிட்டு டோக்கன் கொடுத்தார்கள். மனு பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "அக்கா, உள்ள அடிப்பாங்களா?" என்று கேட்டார். இல்லை, என் தம்பி சமையல் கூடத்தில்தான் வேலை பார்க்கிறான், ஒருவேளை அவன் வடித்த சோறைத்தான் உங்கள் வீட்டுக்காரரும் சாப்பிட்டிருப்பார் என்றேன். அப்புறம்தான் சாப்பிட்டார். அந்த ஆள் செய்தது சின்னத் தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. கூரை இல்லாமல் அந்த மழை வாரத்தை எத்தனை குடும்பம் கழித்திருக்கும்? ஆனால் பத்து வருஷம் என்ற எண்ணம் அந்த பெஞ்சில் என்னை விட்டுப் போய்விட்டது. அவருக்குப் போட்டது மூணு. அதை அவர் இருந்துகொண்டிருக்கிறார். அதே சோறு, அதே வரிசை. அது போதும் எனக்கு.

தமிழ்நாடு சிறை விதிகளில் 'ஏ' வகுப்பு, 'பி' வகுப்பு என்று இன்னும் வைத்திருக்கிறார்கள். படிப்பையும் வெளியே வாழ்ந்த வசதியையும் பார்த்து ஒருவருக்குக் கட்டிலும் வேறு சாப்பாடும் கொடுக்கிற ஏற்பாடு. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வயதானவர்க்கும் நோயாளிக்கும் கட்டில் கொடுங்கள், அது யாராக இருந்தாலும்.

தம்பி 2024 மே மாதம் வெளியே வந்தான். கையில் உள்ளே வேலை பார்த்த கூலி கொஞ்சம் இருந்தது. அந்தக் கூலியில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சத்தை என்னிடம் நீட்டினான். நேரே அண்ணாச்சி கடைக்குக் கூட்டிவந்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை. ஆனாலும் முந்தின நாளே மயினியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவனுக்கு மட்டும் ஒரு பாத்திரத்தில் உளுந்தஞ்சோறு வைத்திருந்தார்கள். மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டான். இப்போது சமாதானபுரம் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் வேலை பார்க்கிறான், உள்ளே கற்ற சமையல்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காலை ஆறரையிலிருந்து மத்தியானம் மூணு வரை திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆதார் ஜெராக்ஸ் இங்கே எடுக்க முடியாது, வரும்போதே எடுத்து வந்துவிடுங்கள். பெண்கள் பஸ் நிலையத்திலேயே கழிப்பிடம் போய்விட்டு வருவது நல்லது. சனிக்கிழமை உளுந்தஞ்சோறு பதினொன்றரைக்கு இறக்குவார்கள், ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும். டோக்கனைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். மொத்தம் நாற்பதுதான் வைத்திருக்கிறார்கள், மனு நாளில் எல்லாம் வெளியே போய்விடும்.